பூட்டிய கதவுக்கு வெளியே ஓர் அறிவிப்பு

1. இதை எழுதுபவன் உன் கணவன்.
2. கைப்பேசிக் கோபுரம் அமைக்கும் நிறுவனத்தில் சட்ட அலுவலன், உடல்நலத்தில் குறையில்லை. உன் முழங்கால் வலி தணிந்ததா?

கவலைப்பட ஒன்றுமில்லை, சிறு வாக்குவாதம் மட்டுமே. நான் குடியிருக்கும் தெருவில் புதிய கோபுரம் வரவிருக்கிறது. முப்பது நாள் முன்பே அறிவிப்பு ஒட்டி, தெருவினரின் ஆட்சேபம் கேட்கவேண்டும் என்பது விதி. அதை எங்கள் நிறுவனத்தார் கோபுரம் எழும் மனையின் பூட்டிய கதவுக்கு உட்புறம் ஒட்டிவிட்டார்கள். கெடு முடிந்ததென்று நான் சான்றளிக்கவேண்டுமாம்.

"ஒரு கையெழுத்து, சார். போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்றார் மேலாளர்.

"உள்ள ஒட்டினா யாரு படிப்பா, பூனையா? வெளிய ஒட்டுங்க. முப்பது நாள் கழிச்சுப் போடுறேன்."

"அதுக்குள்ள உங்க சீட்டுல வேற ஆள் இருப்பாரு."

"இருக்கட்டும் சார். அவருக்கும் இதே விதிதான்."

கோபுரம் வந்தால் முதல் ஆதாயம் எனக்குத்தான். உன் குரலுக்காக மொட்டைமாடி ஏறவேண்டியதில்லை. ஆயினும் நான் கையெழுத்திடவில்லை. இன்று காலை நானே அறிவிப்பை வெளிச்சுவரில் ஒட்டினேன். இக்கடிதத்தைப் பத்திரப்படுத்து, மறைத்தவன் நான் என்று பழி வந்தால் இதுவே சான்று.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. புதுத்துணி வேண்டாம், உன் கைக்குட்டையில் சுற்றினால் போதும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

இங்ஙனம்,
உன் கணவன் (ஒப்பம்)

ஒட்டியதை நேரில் கண்ட சாட்சிகள்:
எதிர்க்கடைத் தையல்காரர் (ஒப்பம்)
கதவைப் பூட்டிவைத்த எங்கள் நிறுவனக் காவலாளி (ஒப்பம்)