பெயர் சொல்லிக் கூப்பிடு

1912 செப்டம்பர் 16, திங்கள்

மாலைப் பயிற்சியில் பாபநாசத்தின் உதடு கிழிந்துவிட்டது. பந்து உயரமாக வந்தது. அவனும் முத்துமாலையும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். ஒருவனாவது வாயைத் திறந்தானா? இல்லை. முத்துமாலை கிட்டே வந்ததும் சட்டென்று பின்வாங்கினான். வாங்கிய வேகத்தில் முழங்கை பாபநாசத்தின் வாயில் இடித்தது. பந்து இருவருக்கும் நடுவில் சொத்தென்று விழுந்தது.

பாபநாசம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணியின் தலைவன். சேரன்மகாதேவி ஆவுடைநாயகம் பிள்ளையின் மகன். அவன் இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். இடித்தவன்தான் அழுதான்.

இன்றிலிருந்து புது விதி போட்டிருக்கிறேன். பந்து மேலே போனால், அதை நன்றாகப் பார்க்கிறவன், பிடிக்க வேண்டியவனின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். கத்தாதவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இந்த முத்துமாலையை என்ன செய்வது? டிரில் வாத்தியாராக இத்தனை வருஷம் இருந்துவிட்டேன், இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. எல்லைக்கோட்டிலிருந்து எறிந்தால் பந்து நேரே ஸ்டம்புக் குச்சியில் வந்து விழுகிறது. சின்ன வயதிலிருந்து வயலில் கிளி விரட்டி வந்த கை. அவனும் சேரன்மகாதேவிப் பக்கம்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறான் என்று அந்த ஊர்ச் சபையின் உபதேசியார் இங்கே விடுதியில் சேர்த்துவிட்டார்.

ஆனால் பாதிப் பலத்தில்தான் ஆடுகிறான். பாபநாசம் மட்டை பிடித்தால் இவன் பந்து பிச்சைக்காரன் மாதிரித் தயங்கித் தயங்கிப் போகிறது. பாபநாசம் இருக்கும் பக்கம் பந்து போனால் இரண்டடி முன்னாலேயே நின்றுவிடுகிறான். பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் சந்தோஷமாக ஓடுகிறான். தண்டனை என்றே தோன்றவில்லை அவனுக்கு!

அக்டோபர் 9, புதன்

திட்டிப் பார்த்தேன். "ஏலே, கையில என்ன புண்ணா?" என்று மற்றவர்கள் முன்னால் கேலி செய்தும் பார்த்தேன். கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டுத் தூளை நக்கினான். அணியிலிருந்து எடுத்துவிடுவேன் என்று மிரட்டினேன். "சரி ஸார்" என்றான். அந்த "சரி ஸார்"தான் எரிச்சலைக் கிளப்புகிறது.

ஹெட்மாஸ்டரிடம் அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு ஆட்டம். அதில் நன்றாக ஆடினால், அடுத்த வருஷம் பரீட்சை முடிந்ததும் டிரில் மாஸ்டர் பயிற்சிக்கு அவனைச் சென்னைக்கு அனுப்ப எழுதுகிறேன் என்றார். ஆடினால்!

அக்டோபர் 19, சனி

மழை. மைதானம் குளமாகிக் கிடக்கிறது. தவளைகள் மட்டும் ஒன்றையொன்று நன்றாகக் கூப்பிடுகின்றன.

நவம்பர் 4, திங்கள்

விஷயம் இன்றுதான் தெரிந்தது. பாபநாசமே வந்து சொன்னான். "ஸார், அவன் வேணும்னேதான் விட்டுக் குடுக்கான். அவங்க அப்பா எங்க வீட்டுப் பண்ணையில வேல பாக்காரு. வண்டியும் அவருதான் ஓட்டுவாரு." சொல்லும்போது அவன் முகம் சிவந்துவிட்டது. நல்ல பையன். முத்துமாலை தன்னை வென்றுவிடுவானோ என்ற பயம் அவனுக்கு இல்லை. வெல்லாமல் விடுகிறானே என்றுதான் அவமானம்.

முத்துமாலையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கால் விரலால் மண்ணைக் கிளறினான். பிறகு சொன்னான். "எங்க வீட்ல அவுக பேரச் சொல்ல மாட்டாவ ஸார். எங்க ஆத்தா பாவநாசங் கோயிலுக்குப் போணும்னாக்கூட 'மலையடிக் கோயிலு'ம்பா. சின்ன ஐயா பேரு வந்திருமுல்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர்ப் பெயரைக்கூடவா! சிரித்துவிட்டு, பிறகு கோபமும் வந்தது. சொன்னேன்: "இங்க பாருலே. இந்த மைதானத்துக்குள்ள வந்துட்டா அப்பனும் கெடையாது, பண்ணையும் கெடையாது. பந்துக்கு யாரு மகன்னு தெரியுமா?" அவன் தலையாட்டினான். முதல் தடவையாக "சரி ஸார்" வரவில்லை.

நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட நினைப்போடு வீட்டுக்கு வந்து மனைவி எஸ்தரிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"மைதானத்துக்கு வாசல் ஒண்ணுதான? உள்ள போனவன் அது வழியாத்தான திரும்பி வரணும்? ஒங்க தாத்தா, வேல பாத்த பண்ணையாரப் பேரு சொல்லியா கூப்புட்டாவ?"

தாத்தா காலம் வேறு என்றேன். "ஒங்களுக்கு வேற. அவனுக்கு இன்னும் அதே காலந்தான்" என்றாள். இவளிடம் பேசி யார் ஜெயித்தார்கள்?

டிசம்பர் 12, வியாழன்

இன்று நல்ல நாள். எழுதியே ஆக வேண்டும்.

முத்துமாலையை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். வெள்ளம் வடிந்தும் இரைச்சல் குறையவில்லை. கூட வந்த பாபநாசம் தானாகவே பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய் நின்றுகொண்டான். "கூப்பிடு. ஆறு இரையுது, யாருக்கும் கேக்காது" என்றேன். முதலில் உதடு மட்டும் அசைந்தது. அந்தக் கரையில் பாபநாசம் காதில் கையை வைத்துக்கொண்டு குதிக்கிறான்: "கேக்கலலே! கேக்கல!" பாதிப் பெயர் வந்தது. நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. திடீரென்று முழுப் பெயரும் வெடித்துக்கொண்டு வந்தது. படித்துறையில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்!

பையன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு சிரித்தான். பிறகு நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டான்.

மாலையில் பந்து போட்டான் பாருங்கள் — யாரைப் பாருங்கள் என்கிறேன்? எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாபநாசத்தின் குச்சி மூன்று முறை பறந்தது. மூன்று முறையும் பாபநாசம் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

எஸ்தரிடம் சொன்னேன். இரவில் என் சோற்றில் ஒரு கரண்டி நெய் கூட விட்டாள்.

1913 ஜனவரி 25, சனி

ஜெயித்துவிட்டோம்.

எதிரணிக்குக் கடைசி ஆள் ஆடிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு அடி சரியாகப் பட்டால் ஆட்டம் அவர்கள் பக்கம் போய்விடும். ஓங்கி அடித்தான். பந்து நேரே சூரியனுக்குள் போய்விட்டது. கீழே நின்றவன் பாபநாசம். கண் கூசி, கையை எங்கே நீட்டுவதென்று தெரியாமல் தடுமாறுகிறான். முத்துமாலை எங்கோ தூரத்தில். அங்கிருந்து கத்தினான்:

"பாபநாசம்! பின்னால போலே! இன்னும் பின்னால! ஒனக்குத்தாம்லே, புடி!"

கண்ணை மூடிக்கொண்டே பின்னால் ஓடிக் கையை நீட்டினான் பாபநாசம். பந்து வந்து உட்கார்ந்தது.

பையன்கள் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

ஆவுடைநாயகம் பிள்ளை, மகனின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். மைதானத்து ஓரம் புளிய மரத்தடியில் அவருடைய வில்வண்டி. மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தார். கூட்டத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். அதுதான் முத்துமாலையின் அப்பா சுடலைக்கண்ணு என்று பிறகு சொன்னார்கள்.

போய் அவரிடம், பிள்ளையை நன்றாகப் பெற்றிருக்கிறீர்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் யாரோ மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 27, திங்கள்

விடுதியில் முத்துமாலையின் பாய் இல்லை. தகரப் பெட்டியும் இல்லை. நேற்றுக் காலையில் அப்பா வந்து கூட்டிப் போனாராம். யாருக்கு என்ன உடம்புக்கு என்று விசாரித்தேன். யாருக்கும் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. ரயில் ஏறிச் சேரன்மகாதேவி போனேன்.

முதலில் பிள்ளை வீடு. நன்றாகத்தான் உபசரித்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லல, வாத்தியாரே. சின்னப் பயலுக வெளையாட்டு, இதுல என்னவே இருக்கு? ஆட்டம் முடிஞ்ச மறுநா அவனே மகனக் கூட்டிட்டு வந்து வாசல்ல விழுந்தான். 'ஊரு கேக்கச் சின்ன ஐயாவப் பேரச் சொல்லி, லேன்னும் கூப்புட்டுப்புட்டான், இனி இவன் இங்கன பண்ணையிலதான் கெடப்பான்'னு விட்டுட்டுப் போயிட்டான். நான் கேக்கவே இல்ல."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா திருப்பி அனுப்பிருவாருல்லா?" என்றேன்.

வெற்றிலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சொல்லலாம். சொன்னா மத்தவன்லாம் என்னவே நெனப்பான்?"

கேட்கவும் இல்லையாம். திருப்பிக் கொடுக்கவும் முடியாதாம்.

சுடலைக்கண்ணுவைக் களத்துமேட்டில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் உட்காரவில்லை. சென்னைப் பயிற்சி, வேலை, சம்பளம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"நல்லதுதாங்கய்யா சொல்லிக் குடுத்திருக்கிய. அத வச்சுக்கிட்டு இந்த ஊருக்குள்ள எங்கன நிக்க? எனக்கு இன்னும் ரெண்டு பொட்டப் புள்ளய இருக்கு. அதுகளும் இங்கனதான பொழைக்கணும்?"

பிள்ளை கோபப்படவில்லையே என்றேன்.

"இன்னிக்குப் படல. எதுக்காவது ஒரு நா படும்போது இது நெனப்பு வரும்லா? அதுக்கு முன்னாடி நானே செஞ்சிட்டேன்."

முத்துமாலையையாவது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். விடவில்லை. வயலில் இருக்கிறான் என்றார்.

பிப்ரவரி 3

ஐயோ, நான் என்ன செஞ்சேன்! தப்பா சொல்லிக் குடுத்தேனா? பையன் சிரிச்சானே ஆத்தங்கரையில. அந்தச் சிரிப்பு தப்பா?

எஸ்தர் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

சென்னையிலிருந்து சம்மதம் வந்துவிட்டது. ஒரு பையனை அனுப்பலாமாம். ஹெட்மாஸ்டர் வேறு யார் என்று கேட்கிறார். வேறு யாரும் இல்லை என்றேன்.

மார்ச் 8, சனி

பாபநாசம் பிடிவாதம் பிடித்து என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப் போனான். ஜெயித்த பந்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். "நான் போய்க் கூப்புட்டா வருவான் ஸார். என் கூட்டாளிதான ஸார் அவன்?" ரயிலில் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

பிசான நெல் அறுப்பு நடக்கிறது. வயல் முழுக்க ஆட்கள். முத்துமாலை வரப்பில் கட்டுச் சுமந்து வந்துகொண்டிருந்தான். ஒன்றரை மாதத்தில் தோள் அகன்றிருந்தது. எங்களைக் கண்டதும் கட்டை இறக்கிவிட்டு, வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நின்றான். பாபநாசத்துக்கு வழி விடுகிறானாம்.

"ஏலே முத்துமாலை! புடிலே!" என்று பாபநாசம் பந்தைத் தூக்கி எறிந்தான். வேண்டுமென்றே உயரமாக, தள்ளி எறிந்தான். அந்தச் சேற்றிலும் நாலே எட்டில் போய்விட்டான். ஒற்றைக் கையில் எடுத்தான். அடடா! என் வாயிலிருந்து சத்தமே வந்துவிட்டது. ஒரு நொடி அவன் முகத்தில் ஆற்றங்கரைச் சிரிப்பு வந்தது. நான் பார்த்தேன். நிச்சயமாகப் பார்த்தேன்.

"இப்பப் பேரச் சொல்லித் திருப்பிப் போடு" என்றான் பாபநாசம். கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

முத்துமாலை எறியவில்லை. பந்தை இடுப்புத் துணியில் துடைத்தான். நடந்து வந்தான். நீட்டிய கையில் கொடுக்காமல், குனிந்து, பாபநாசத்தின் காலடியில் வரப்பின் மேல் வைத்தான். வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

"வெயிலு ஏறுது சின்ன ஐயா. வீட்டுக்குப் போங்க" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

தூரத்தில் சுடலைக்கண்ணு அரிவாளோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி குனிந்து அறுத்தார்.

பாபநாசம் அந்தப் பந்தை எடுக்கவில்லை. நான்தான் எடுத்துவந்தேன். திரும்பும் வழியில் ஸ்டேஷனில் அவன் கேட்டான்: "ஸார், நானும் பேரு சொல்லித்தான ஸார் அவனக் கூப்புட்டேன்?"

மார்ச் 10, திங்கள்

பாபநாசம் அணியிலிருந்து விலகிவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. புதுப் பையன்களைப் பயிற்சிக்கு நிறுத்தினேன். பழையவர்கள் யாரோ பெயர் கூப்பிடும் விதியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மைதானம் முழுக்க ஒரே கூச்சல்.

ஒருவன் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பையன், பெயர் இசக்கி. ஒல்லிக் கால். ஓட்டம் அபாரம். பந்து விழும் இடத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய்விடுகிறான். போய்ச் சேர்ந்ததும் இன்னொரு பையனைப் பார்க்கிறான், நின்றுவிடுகிறான்.

"கூப்பிடுலே" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் போய், அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை, உன் அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று மெதுவாகக் கேட்டேன்.

சொன்னான்.

இரண்டு கேள்விக்கும் ஒரே வீடுதான் பதில்.

"சரி. நீ அந்தப் பக்கம் போய் நில்லு" என்றேன். பந்து அதிகம் வராத பக்கம். "சரி ஸார்" என்று சந்தோஷமாக ஓடினான்.