என் விரல் பதிந்த தாள்

வடமாலபேட்டை
14-9-1979

அன்புள்ள அண்ணன் நேசகுமார் அவர்களுக்கு, தம்பி ஞானசிங் தன் கையாலேயே எழுதுவது. ஸ்தோத்திரம்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னியுங்கள். ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன் அண்ணா! அறுபத்தேழு வயதில் முதியோர் பள்ளியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பஸ் போர்டு, தீப்பெட்டி, சோப்பு உறை எதையும் விடுவதில்லை. கோயிலில் பாட்டுப் புத்தகத்தை இப்போது தலைகீழாகப் பிடிப்பதில்லை.

மலையடியில் இருக்கும் மனநோய் ஆஸ்பத்திரியை இடிக்கப்போகிறார்கள். பூட்டி ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன் படம் பிடித்துவைக்கத் திருப்பதி ஸ்டுடியோவிலிருந்து பச்சையப்பன் என்பவர் வந்தார். காமிரா ஸ்டாண்டைத் தூக்க நான் போனேன். நம் தங்கை தபீதாளை அங்கேதான் அடக்கம் செய்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, கல்லறையில் அவள் பெயரை நானே படிக்க ஆசை.

உள்ளே கட்டிலெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. சுவரை ஆலஞ்செடி பிளந்திருந்தது. நான் ஒவ்வொரு கதவிலும் நின்று, "பெண்கள் வார்டு", "சமையல் அறை" என்று உரக்கப் படித்தேன். "இன்னா பெரியவரே, ஏலம் வுட்டுக்கினே வர்றீங்க?" என்று பச்சையப்பன் சிரித்தார்.

கல்லறைத் தோட்டத்தில் பதினெட்டுச் சிலுவைகள். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். தபீதாள் இல்லை.

பச்சையப்பன்தான் ஆபீஸ் அறை பீரோவில் அவள் பெயர்போட்ட காகிதக் கட்டைத் தேடி எடுத்தார். மேலே இருந்தது உங்கள் கையெழுத்து. முத்து முத்தான அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? "எங்கள் தங்கையை வீட்டுக்கு அழைத்துக்கொள்ள எங்களுக்குச் சம்மதம் இல்லை. இனி எங்களுக்கு எழுத வேண்டாம்." கீழே என் கட்டைவிரல். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன் அண்ணா. நான் தனியாகப் படித்த முதல் கடிதம் அதுதான்.

அன்று என்னிடம் என்ன சொன்னீர்கள்? "அவளுக்கு ஆபரேஷன்டா, கூடப்பொறந்தவங்க ஒத்துக்கணும், வெரலைக் குடு." என் விரலைப் பிடித்து மையில் அழுத்தினீர்கள். மூன்று மாதம் கழித்து அவள் இறந்துவிட்டாள் என்று எழுதினீர்கள். போதகர் படித்துக் காட்டினார், நான் அழுதேன்.

அடுத்த தாளில் டாக்டர் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் பச்சையப்பன் படித்துச் சொன்னார். குணமாகிவிட்டாள், வீட்டுக்கு அனுப்பலாம் என்று 1957இல் எழுதியிருக்கிறார்! அப்போது உங்கள் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பைத்தியக்கார அத்தை வீட்டில் இருக்கக்கூடாது. அதற்கு என் விரல்தான் கிடைத்ததா?

உள்ளே யாரையும் விடமாட்டார்கள் என்று நீங்கள் எழுதியதை நம்பி, பதின்மூன்று வருடம் அந்த மதிலோரமாக நடக்கும்போதெல்லாம் செத்தவளுக்கு மரியாதையாகத் தலைத்துண்டை எடுத்துவிட்டுப் போனேன். உள்ளே அவள் உயிரோடு உட்கார்ந்திருந்தாள். ஞானசிங் அண்ணனும் கைவிட்டான் என்றல்லவா நினைத்திருப்பாள்? 1970இல் ஆஸ்பத்திரியைப் பூட்டியபோது அவளை மெட்ராசில் ஒரு விடுதிக்கு அனுப்பியதாகக் கடைசித் தாளில் எழுதியிருக்கிறது. முகவரியைக் கரையான் தின்றுவிட்டது.

என் விரல் பதிந்த அந்தத் தாளைப் பச்சையப்பன் படம் பிடித்துக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பாருங்கள்.

நீங்கள் இருப்பது மெட்ராசில். நாளைக்கே புறப்பட்டு விடுதி விடுதியாகக் கேளுங்கள். உயிரோடு இருந்தால் நான் வந்து கூட்டிக்கொண்டு வருவேன். இல்லை என்றால் கல்லறை எங்கே என்று சொல்லுங்கள், இந்தத் தடவை உண்மையாக. கர்த்தர் உங்கள் கால்களுக்குப் பெலன் தரட்டும்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். பதில் வரும்வரை வாரம் தவறாமல் எழுதுவேன். உங்கள் பதிலை எனக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஞானசிங்
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)