உள் அறையில் இருந்த மவுஸ்

அன்பு மாப்பிள்ளை பூபதிக்கு,

பள்ளி விடுதியில் நாம் 'டா' போட்டுத்தான் பேசிக்கொண்டோம். என் தங்கை கோமதியை நீ மணந்த நாளிலிருந்து நம் பேச்சில் 'ங்க' வந்து சேர்ந்தது. இந்தக் கடிதத்தில் மட்டும் பழைய உரிமையை எடுத்துக்கொண்டு 'நீ' என்று எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்திருந்தாலும் ஆட்சேபித்திருக்க மாட்டாய்.

கோமதி மறுபடியும் பள்ளிக்கூட வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உன் ரிக் வண்டி ஆந்திரா பக்கம் ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்பிவிட்டது. இவ்வளவு மட்டும் சொல்ல வேண்டுமென்றால் கடிதம் தேவையில்லை. எனக்கு ஒரு புகார் இருக்கிறது. அதில் முதல் எதிரி நீ; இரண்டாம் எதிரி மேட்டூர்க்காரன் ஒருவன்.

முதுகுவலியால் வண்டியோடு போவதை நிறுத்திவிட்டு, திருச்செங்கோட்டு வீட்டில் நீ கம்ப்யூட்டர் வாங்கிய சமயம் நினைவிருக்கிறதா? "மச்சான், கேம் ஆடறதுக்குக் கன்ட்ரோலர் வாங்கறதா, கீபோர்டு மவுஸா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டாய். நான் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கிச் சண்டைக்கு மவுஸின் குறி துல்லியமானது; கார் ஓட்டவும் பந்து உதைக்கவும் கன்ட்ரோலரே இணக்கமானது; சாய்ந்து உட்கார வேண்டிய முதுகின் நிலையையும் கருத்தில் கொள்க; இறுதி முடிவு பயன்படுத்துபவரின் விருப்பத்துக்கு உட்பட்டது. அதைக் கூடத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "எல்லாம் சரீங்க மச்சான், தீர்ப்பு எந்தப் பக்கத்துல இருக்குது?" என்று கேட்டாய்.

கடைசியில் நீயே கன்ட்ரோலர் வாங்கினாய். "ரிக்குல லீவர் புடிச்ச கைக்கு இதுதானுங்க ஒத்துவருது. எலிய நவுத்தறதெல்லாம் உங்களாட்டம் பேனா புடிக்கறவங்களுக்கு." இது உன் வாக்குமூலம். இதை நான் நம்பினேன்.

நான் மவுஸ் பிடித்துப் பழகியவன் என்பது உனக்குத் தெரியும். அஸ்தம்பட்டியில் என் வீட்டு மேசையில் இன்றும் அதுதான் இருக்கிறது. உன்னுடன் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆட வேண்டும் என்பதற்காக நானும் ஒரு கன்ட்ரோலர் வாங்கினேன். நான்கு ஆண்டுகள், ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உள் அறைக் கம்ப்யூட்டரைக் கூடத்து டி.வி.யில் இணைத்து, கட்டைவிரல்கள் எனக்குக் கீழ்ப்படியாமலே கார் ஓட்டினேன். வளைவுதோறும் சுவரில் மோதினேன். நீ அதிகம் பேச மாட்டாய். இருவருக்கும் அதுவே போதும் என்று நினைத்திருந்தேன்.

உன் கருமாதியன்று அவன் வந்தான். முப்பது வயதிருக்கும். கசங்கிய சட்டை, கையில் தலைக்கவசம். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை, பெயர் முரளி என்றான். பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணன் மவுஸ புடிச்சா குறி தப்பாதுங்க" என்றான்.

"அவர் கன்ட்ரோலர் மட்டுமே பயன்படுத்துவார்" என்று நான் திருத்தினேன்.

"இல்லீங்க சார். ரண்டு வருசமா எங்கூட ஆன்லைன்ல ஆடறாரு. கன்ட்ரோலரா மவுஸான்னு ஒருநா கேட்டாரு. 'மவுஸுதானுங்ணா'ன்னேன். அன்னைக்கே வாங்கிட்டாரு. ஆடறப்ப ஒரே பேச்சுதானுங்க, காது வலிக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அண்ணனுக்கு என்ன வேணுமுங்க?" என்றான்.

பூபதி, இரண்டு ஆண்டுகள் உன்னோடு பேசியவனுக்கு நான் யாரென்று தெரியவில்லை.

கோமதியை அழைத்து விசாரித்தேன். "ஆமாங்கண்ணா. அந்தக் கீபோர்டும் மவுஸும் உள் ரூம்ல இருக்குது. நீங்க வர்ற அன்னைக்குக் கட்டில் பெட்டிக்குள்ள வெச்சிருவாரு. மச்சானுக்குத் தெரிஞ்சா இன்னும் நாலு பக்கம் எழுதுவாருன்னு சிரிப்பாரு" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது சாதாரணமாக இல்லை. உனக்காக நான் மவுஸை விட்டேன். நீ யாருக்காகவோ அதைக் கையில் எடுத்தாய். என்னுடன் கூடத்தில் மௌனம், அவனுடன் உள் அறையில் பேச்சு. என்னிடம் பேசத் தோன்றாதது எது? என்னுடன் நீ தோற்ற பந்தயங்களில் எத்தனை, நீ வேண்டுமென்றே தோற்றவை?

கிளம்பும்போது முரளி, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணனோட மவுஸ மட்டும் குடுத்தீங்கன்னா ஞாபகமா வெச்சுக்குவேன்" என்று கேட்டான். கோமதி எழுவதற்குள் நான் குறுக்கிட்டேன். "வாரிசுகளுக்குள் பிரிவினை முடியும்வரை எந்தப் பொருளும் வெளியே செல்வது முறையல்ல" என்றேன்.

"அண்ணா, அது மவுசுங்க. தோட்டமில்ல" என்றாள் கோமதி.

ஆனால் அதற்குள் அவன், "பரவால்லீங்க சார், நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டான். வெறுங்கையோடு போனான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம், கோமதி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், அந்த உள் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். மவுஸில் உன் விரல் பட்ட இடங்கள் பளபளவென்று தேய்ந்திருந்தன. என்னிடம் ஒருபோதும் காட்டாத உன் கையைப் பார்ப்பது போலிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீ என்னதான் ஆடினாய் என்று பார்க்க விளையாட்டைத் திறந்தேன். அது உன் பெயரிலேயே திறந்துகொண்டது. அடுத்த நிமிடம் காதில் ஒரு குரல்.

"அண்ணா?"

முரளிதான். மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"அண்ணா... அக்காங்களா? யாருங்க அது? ஒரு வார்த்த பேசுங்க." குரல் உடைந்துகொண்டிருந்தது.

'நான் பூபதியின் மச்சான்' என்று சொல்லியிருக்கலாம். கருமாதியன்று அவன் கேட்ட கேள்விக்கான பதிலும் அதுவே. சொல்லாமல் ஒயரைப் பிடுங்கினேன். உன் பெயர் திரையில் தோன்றி மறைந்ததைப் பார்த்துவிட்டு, அங்கே மேட்டூரில் ஒருவன் என்ன நினைத்துக்கொண்டிருப்பான்? எச்சரிக்கையாகவே வாழ்ந்த நான், யோசிக்காமல் செய்த கொடுமை இது ஒன்றுதான்.

சந்தையிலிருந்து திரும்பிய கோமதியிடம் சொல்லிவிட்டேன். பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டாள். "ஏனுங்கண்ணா, அவரு ஒருத்தரோட பேசினது உங்களுக்கு அவ்வளவு பொறுக்கலீங்களா? அவரு இருந்தா இதைக் கேட்டுச் சிரிச்சிருப்பாரு. எனக்குச் சிரிப்பு வரலீங்க."

அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

எனவே பூபதி, உனக்கு ஒரு வாக்குறுதி தருகிறேன். வரும் ஞாயிறு அந்த மவுஸையும் கீபோர்டையும் நானே மேட்டூருக்கு எடுத்துச் சென்று முரளி கையில் கொடுப்பேன். அன்று ஒயரைப் பிடுங்கியவன் நான்தான் என்றும் சொல்வேன். இதைப் பெருந்தன்மை என்று எண்ணிவிடாதே. பொறாமை இம்மியும் குறையவில்லை. இரண்டு ஆண்டுகள் அவனோடு நீ என்னவெல்லாம் பேசினாய் என்று சொல்லச் சொல்வேன். எவ்வளவு நேரமானாலும் கேட்பேன், எங்கும் குறுக்கிட மாட்டேன். அவன் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்க மட்டும் எனக்கு அனுமதி கொடு. அந்தப் பேச்சில் எப்போதாவது, பெயர் சொல்லாமலாவது, நான் வந்தேனா?

இல்லை என்று அவன் சொன்னாலும் மவுஸைத் திருப்பி வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
கோமதியின் அண்ணன்,
உனக்கு மட்டும் மச்சான்.