இஷாக் பெயரில் கேட்கும் பாஸ்வேர்டு

அன்புள்ள நஜ்முன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? இந்தத் தீவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படகுத்துறையில் வாத்தியார் நான் வழுக்கி உட்கார்ந்ததைச் சொல்லிச் சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் மூட்டுத் தைலம் கொடுத்துவிடு.

"கம்ப்யூட்டரைத் தொறந்தாலே இஷாக்கு பாஸ்வேர்டைக் கேட்டு உசுரை வாங்குதுங்க. அவன் பேரையே எடுத்துரவா?" என்று போனில் கேட்டாய். எடுக்காதே.

நீ, நான், நம் மகன் என்று மூவரின் மெயிலும் ஒரே இடத்தில் வந்து விழும்படி வைத்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் மூன்று அறை, மூன்று பூட்டு என்று வைத்துக்கொள். பாஸ்வேர்டுதான் சாவி; மூன்று சாவியும் கம்ப்யூட்டரில் உள்ள மெயில் புரோகிராமிடம் இருக்கின்றன. இத்தனை நாள் திறந்த சாவி இப்போது சேரவில்லை என்றால், இஷாக் தன் பூட்டை மாற்றிவிட்டான் என்று அர்த்தம்.

அந்த முகவரியே மூடிப்போயிருந்தால் அனுப்பும் மெயில் திரும்பி வந்துவிடும். 'அத்தா நலம். நீ?' என்று அனுப்பிப் பார்த்தேன். திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை.

எங்கேயோ இருக்கிறான், நஜ்மு. நாம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறான். வீட்டைவிட்டுப் போனவனைப் பற்றி இவ்வளவுதான் தெரிகிறது.

தபால் படகு கிளம்பப் போகிறது. அவன் கோபம் என்மேல்தான். புது மெயில் எழுதும்போது மேலே அனுப்புபவர் இடத்தில் என் முகவரி வந்து நிற்கும். அதை உன்னுடையதாக மாற்றிவிட்டு, 'சாப்டியாப்பா?' என்று மட்டும் எழுதி அனுப்பிப் பார்.

கிதர் முகம்மது