சாம்பல் நிற எலெக்ட்ரிக் புளூ

10 ஆகஸ்ட், ஞாயிறு

சின்னவன் ஏன் நீலமாகவில்லை? தெரியவில்லை.

காலையிலிருந்தே புழுக்கம். மீன்தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். ஃபில்டர் பஞ்சு அலசல். இடுப்பு வலி.

எலெக்ட்ரிக் புளூ சிக்லிட் மீன்கள், இரண்டும் ஆண். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே தீனி. பெரியவன் கேஸ் அடுப்புச் சுடரின் நீலம். சின்னவன் நனைந்த சிமெண்ட்.

பி.எச். சரி. கடினத்தன்மை சரி. அம்மோனியா இல்லை. எங்கள் போர் தண்ணீர் வாளியெல்லாம் வெள்ளை படிய வைக்கிறது, என் தலைமுடியில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. ஆப்பிரிக்க ஏரி மீனுக்கு மட்டும் அதுதான் வேண்டுமாம். அதிலும் இவன் தேறவில்லை. நிறம் கூட்டும் ஸ்பைருலினா பாசி கொடுத்தாயிற்று. உப்பு, விளக்கு நேரம், எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று.

வீட்டுக்காரர் சோபாவிலிருந்து: "அவன் பெரியவனப் பாத்துப் பயப்படறான். அவ்ளோதான்."

பெரியவன் துரத்தி நான் பார்த்ததே இல்லை. சின்னவனின் துடுப்பில் ஒரு கிழிசல் கிடையாது. பயத்தை அளக்க என்னிடம் டெஸ்ட் கிட் இல்லை என்றேன்.

"கலர் டிவி வாங்கி பிளாக் அண்ட் ஒயிட் பாக்கறோம்" என்றார்.

வாங்க வேண்டியவை: தோசை மாவு, பஞ்சு, மூட்டுவலித் தைலம்.

11, திங்கள்

ஆலையில் இன்றும் அதே கதை. என் பொறுப்பில் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பின் கடைசியில், சுத்தமான தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. பாருங்கள், எங்கள் கழிவுநீரில் மீன் வாழ்கிறது என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. போன வாரம் விட்ட தங்கமீன்கள் அத்தனையும் மல்லாந்து கிடந்தன.

ஆபரேட்டர் இசக்கி, தென்காசிப் பக்கம். முகத்தை வெகு சோகமாக வைத்துக்கொண்டு: "மேடம், எல்லாரும் ரிசைன் பண்ணிட்டாவ. நோட்டீஸ் பீரியடு கூட இல்ல."

ஆர்.ஓ. மெம்பிரேன் தேய்ந்துவிட்டது. உப்பை நிறுத்தவில்லை. அந்தத் தண்ணீர்தான் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய் நிலத்தில் இறங்குகிறது. மாற்றச் சொல்லி மெயில் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று பதில் வந்துகொண்டே இருக்கிறது.

மதியம் பிரதீப் கூப்பிட்டார். ஆலை மேலாளர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். வியாழக்கிழமை கஸ்டமர் விசிட்.

"உங்க வீட்ல ஆஃப்ரிக்கன் சிக்லிட் இருக்காமே மேடம்? செம ஸ்ட்ராங்காமே. நீலமா ஒண்ணு கொண்டாந்து போடுங்க. ரெண்டே நாள்."

அது உப்பைத் தாங்கும் மீன், அது உயிரோடு இருப்பதால் தண்ணீர் நல்லதென்று ஆகாது என்றேன்.

"அது நீங்க சொன்னாத்தான மேடம் அவங்களுக்குத் தெரியும்?"

சிரித்த முகம். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். மீன் பளபளவென்று இருந்தால் மெம்பிரேன் பேச்சு அத்தோடு முடிந்தது.

12, செவ்வாய்

சாயங்காலம் பத்து நிமிட மழை. வெக்கை கூடியதுதான் மிச்சம்.

பாத்திரம் தேய்க்க வரும் லட்சுமி தொட்டி முன்னால் நின்று: "இன்னாக்கா, இது ஒண்ணு மட்டும் கருவாடு கணக்கா கீது? சீக்கா?"

சீக்கு இல்லை என்றேன்.

"பாத்தா அப்டித் தெரியலியே!"

அப்போதுதான் தோன்றியது. இவனையே கொண்டுபோகலாம். கேட்டது எலெக்ட்ரிக் புளூ, கொடுப்பதும் எலெக்ட்ரிக் புளூ. இவனைப் பார்த்து யாரும் தண்ணீரைப் பாராட்டமாட்டார்கள். ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருவராவது கேட்பார். அப்போது மெம்பிரேனைச் சொல்லலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மீனுக்கு ஓ.டி. உண்டா?" என்றார்.

செத்துப்போனால் இன்னும் சுலபமாகப் புரியும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் தீனி போட்டவள். அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு நாளில் சாகாது என்று வேதியியல் சொல்கிறது. வேதியியல் நிறையச் சொல்லும்.

13, புதன்

கம்பெனி பஸ்ஸில் மடியில் வாளி. வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிற கூட்டம், பஸ் ஊர்ந்தது. பின் சீட்டிலிருந்து அசெம்பிளி லைன் பெண் ஒருத்தி: "மேடம், கொழம்பா, வறுவலா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் கொஞ்சம்.

டம்ளர் டம்ளராக ஆலைத் தொட்டித் தண்ணீரை வாளியில் கலந்து, பழக்கி, மதியத்துக்குமேல் தொட்டியில் விட்டேன். நேராகக் கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

பிரதீப் குனிந்து பார்த்தார். "நீலம்னு சொன்னாங்களே மேடம்?"

"எலெக்ட்ரிக் புளூதான்."

இசக்கி: "கரண்ட் வரல போல, சார்."

வேறு மீன் தேட நேரமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போனார் பிரதீப். ரொம்ப நாளைக்குப் பிறகு ஆலையிலிருந்து மனசு லேசாகக் கிளம்பினேன். வீட்டில் பெரியவன், ஒருவன் குறைந்ததைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

14, வியாழன்

பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் இசக்கியின் போன். "மேடம், ராத்திரியோட ராத்திரியா வேற மீன மாத்திட்டியளா?"

ஓடாத குறையாகப் போனேன். அதே மீன்தான். வால் ஓரத்துக் கரும்புள்ளி சாட்சி. உடம்பு முழுக்க நீலம், பெரியவனைவிட ஒரு படி அதிகம். அடித்துடுப்பில் ஆரஞ்சு. கல்லைவிட்டு வெளியே வந்து, கண்ணாடியில் என் விரல் போன பக்கமெல்லாம் கூடவே வந்தது. அந்தத் தண்ணீரில்.

பெரியவன் இல்லை. அவ்வளவுதான் காரணம். வீட்டுக்காரர் சோபாவிலிருந்தே சொல்லியிருந்தார்.

விசிட்டர்கள் பதினொரு மணிக்கு. மூத்தவர் குனிந்து போட்டோ எடுத்தார். "எங்க ட்ரீட்டட் வாட்டர்தான் சார்" என்றார் பிரதீப். மூத்தவர் என் பக்கம் திரும்பினார். சொன்னேன்: உப்பு அதிகம், மெம்பிரேன் மாற்றவேண்டும், இந்த மீனை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், சிரித்தார்.

"மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார் பிரதீப். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனபின்: "மெம்பிரேன அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மேடம். மீனு இங்கயே இருக்கட்டும்."

ஐந்து மணிக்கு வலையோடு போனேன்.

இசக்கி: "உட்டுருங்க மேடம். இங்கன ராசா மாதிரி இருக்கான்."

"எத்தனை நாளைக்கு?"

வாளியை அவனே பிடித்துக்கொண்டான். பிடிக்கச் சிரமமில்லை. தீனி என்று நினைத்துத் தானே வலைக்குள் வந்தது.

பஸ் படப்பை தாண்டியதும் வாளி மூடியைத் திறந்து பார்த்தேன். மறுபடி சாம்பல். பெரியவன் இருக்கும் தொட்டியில் விடவில்லை. வாளி சமையல் மேடையில், ஏர் பம்ப் ஓடுகிறது. தோசை சுட இடம் எங்கே என்கிறார் வீட்டுக்காரர்.