துடைத்து வைத்த தரை

என் அன்பு நர்ஸம்மாவுக்கு,

உன் மெக்கானிக் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன். உன்னோடு வேலை பார்க்கும் அக்கா லீவு முடிந்து நாளை கிளம்புகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன். படித்தாலும் என் கையெழுத்து நம்மைக் காப்பாற்றிவிடும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் முகம் தெரிந்ததுமே நீ, "சிட்டு, மூக்கு எங்கே? அம்மாவைப் பாரு" என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறாய். நான் அவள் முகவாயைப் பிடித்து உன் பக்கம் திருப்புகிறேன். அவள் நழுவி ஓடுகிறாள். அதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. நீயும் நானும் பேசிக்கொண்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார்.

கடை ஓடுகிறது. முன்னறை முழுக்க ரிப்பேருக்கு வந்த வாஷிங் மெஷின்கள்தான். நடக்க வழியில்லை என்று வீட்டுக்கார அம்மா முறைக்கிறார். சிட்டுவுக்கு மட்டும் அதில் குறையே இல்லை. கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் ஒன்றைச் சரிசெய்த பிறகும் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் வைத்திருக்கிறேன். துணி இல்லாமலே ஓடவிட்டால் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். மெஷின்காரர் கேட்டால் ஸ்பேர் பார்ட் வரவில்லை என்று புளுகுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சுகாதார நிலையத்தில் சிட்டுவின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்தார்களே, அதைப் பற்றித்தான். என்னென்ன கேட்பார்கள் என்று எதிர்வீட்டு டீச்சர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பேர் சொன்னால் திரும்ப வேண்டும், பொம்மைக்குச் சோறு ஊட்ட வேண்டும், விரல் நீட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். நீ அங்கிருந்து சொல்லித்தர, நான் இங்கே பிஸ்கட்டைக் காட்டிப் பழக்க, இருவருமாகச் சேர்ந்து பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார் செய்தோம். தடுப்பூசி அக்கா கூப்பிட்டதும் திரும்பினாள், பொம்மைக்கு ஊட்டினாள். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். நீ ஹாஸ்டலுக்கே மிட்டாய் கொடுத்தாய். நானும் கடையை மூடிவிட்டு டியூஷன் சென்டர் திறக்கலாமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

போன வாரம் தலைமை மையத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மாநிலத்தில் எந்த மூலையில் எந்தப் பிள்ளையைப் பரிசோதித்தாலும் விவரம் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுமாம். யாரை எந்த டாக்டரிடம் அனுப்புவது, எந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெற்றவர்களுக்குச் சொல்லித்தருவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. எங்கள் பிள்ளைதான் தேறிவிட்டாளே, எங்களுக்கு எதற்குப் போன் என்று கேட்டேன். தேறியதாக எழுதிய பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு திரும்பி வருகிறார்கள், அதற்குள் உதவி கிடைத்திருக்க வேண்டிய காலம் வீணாகப் போய்விடுகிறது என்றார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "சிட்டு கடைசியா எப்ப சார் உங்ககிட்ட எதையாவது கொண்டுவந்து காட்டினா? வேணும்னு கேக்கிறதைச் சொல்லல. சும்மா, இதப் பாருப்பாங்கிற மாதிரி?"

கையில் ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. எனக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயின் மேல் வைப்பாள், தண்ணீர் வந்ததும் விட்டுவிடுவாள். முகத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நாளெல்லாம் என் பிள்ளையோடுதான் இருக்கிறேன், ஆனாலும் தனியாகத்தான் இருக்கிறேன். அந்த அம்மாவிடம் இதைச் சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

என் வாடிக்கையாளர்களை நான் எப்படித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும். மெஷின் ஒழுகுகிறது என்று கூப்பிடுவார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் தரையைத் துடைத்து, மெஷினுக்கு அடியிலும் காயவைத்துப் பளிச்சென்று வைத்திருப்பார்கள். ஒழுகும் இடத்தை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மெக்கானிக்கிடம் என்ன வெட்கம் என்று கத்துவேன். நம் பிள்ளை விஷயத்தில் நாமும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன், பிஸ்கட் உட்பட. நிறைய வீடுகளில் இது நடக்கிறது என்றார், திட்டவில்லை. ஆட்டிசமா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம். பார், அந்த வார்த்தையை எழுதிவிட்டேன், காகிதம் ஒன்றும் கிழிந்துவிடவில்லை. அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் பிடித்து வைத்திருக்கிறார். நம்மைப் போன்ற பெற்றோர்கள் சனிக்கிழமைதோறும் கூடுகிறார்களாம், என்னையும் வரச் சொன்னார். போகப்போகிறேன். ஒழுகும் குழாயைத் தவிர வேறு எதையாவது பற்றி ஒரு மனுஷரோடு பேச வேண்டும்போல் இருக்கிறது.

ஆனால் தாயிடமும் தனியாகக் கேட்டுக்கொண்டுதான் டாக்டரிடம் அனுப்புவார்கள். நேற்று அந்த அம்மா உன்னைக் கூப்பிட்டாராம். "என் பொண்ணு பாஸ் பண்ணியாச்சு, சும்மா தொந்தரவு பண்ணாதீங்க" என்று நீ வைத்துவிட்டாயாம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதையெல்லாம் உன்னிடம் போனில் சொல்லத் தைரியம் இல்லாமல்தானே நானும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்? அடுத்த வாரம் இன்னொரு முறை கூப்பிடுவார். அப்போதும் நீ எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். சிட்டு மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ நன்றாக இருப்பதாகச் சொல்லும்போதெல்லாம் உன் பின்னால் கட்டில் தெரிகிறது. எந்த நேரம் கூப்பிட்டாலும் அதில் போர்வை ஒரு மடிப்புகூடக் கலைந்திருப்பதில்லை. நீ எப்போதுதான் தூங்குகிறாய்?

தள்ளி வைத்த வரி இதுதான். நாங்கள் சுகமாக இல்லை. நீயும் இல்லை என்று நினைக்கிறேன். சிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கடிதத்தை ஒட்டிவிட்டு நானும் போய் அவள் பக்கத்தில் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். அவள் எதையும் காட்டாவிட்டால் என்ன, அவள் பார்ப்பதை நானும் பார்க்கலாம் அல்லவா?

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த அம்மா கூப்பிட்டால் எடுத்துப் பேசு. அழுகை வந்தால் அழு, அவர் காத்திருப்பார். அவரிடமும் என்னிடமும் இனிமேல் தரையை மட்டும் துடைக்காதே, கண்ணு.

உன்னையே எதிர்பார்த்திருக்கும்
மெக்கானிக்