கீலுக்குள் சொருகிய காகிதம்

உன் லேப்டாப் என் எதிரில்தான் இருக்கிறது. மூடியைத் தூக்கினால் முதலில் வருவது தேங்காய் எண்ணெய் வாசனை. தலை வாரிய கையைத் துடைக்காமல் வந்து உட்கார்ந்து தட்டுவாயே, அந்த எண்ணெய். நீ போய் ஆறு மாசம் ஆகிறது, கீபோர்டை விட்டு வாசனை போகவில்லை. எனக்கு அழுகை வருகிறது என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம்தான் வருகிறது. யாரிடம் கத்துவது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் இதைத் திறந்தேன். திரையில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு, பக்கத்திலேயே பச்சையில் ஒன்று. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தேன், கோடு போனது. ஒரு விரற்கடை முன்னால் இழுத்தேன், எல்லாமே போனது. கறுப்பு. உள்ளே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தூக்கி வாசலில் போட்டிருப்பேன். உன் பொண்ணோட முகூர்த்தப் புடவை அதுக்குள்ளே இருக்கிறதே, அதனால் விட்டேன்.

பவித்ராவுக்கு ஆவணியில் கல்யாணம். நீ போய் ஒரு வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை கலசப்பாக்கத்துப் பக்கம், நல்ல பையன். மண்டபம், சாப்பாடு, நகை, எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. உன் கூடப் பிறக்காத என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறவள், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா வரைஞ்சு வெச்ச டிசைன்லதான் எனக்குப் புடவை வேணும் சித்தி." "டிசைன் ரெடி, மாப்பிள்ளைதான் பாக்கி" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தாயே, அந்த டிசைன். அது இந்த மெஷினில் மட்டும்தான் இருக்கிறது. "ஒரு பென்டிரைவ்ல போட்டு வைடி" என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்? "எங்க ஓடப்போவுது, இங்கதான இருக்குது" என்பாய். இதோ இருக்கிறது, பார்!

புடவை நெய்யப்போகிற கோவிந்தண்ணன் பாவுக்குப் பட்டு இழை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆடி பொறந்துட்டா நான் புதுப் பாவு ஏத்தமாட்டேம்மா, உங்களுக்கே தெரியும். வியாழக்கெழம நல்ல நாளு. அதுக்குள்ள அட்டையக் கொண்டாந்துருங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆடி கழித்து ஆரம்பித்தால் ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை வராது. கம்ப்யூட்டரில் நீ போட்ட கட்டங்களைப் பார்த்து தறியில் பூ விழவைக்கிற ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போட்டு முடிக்க அட்டைக்காரருக்கு முழுசாக ஒரு நாள் வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

பஜாரில் இருக்கிற ரிப்பேர் கடைக்கு ஓடினேன். அந்த ஆள் பட்டனை அமுக்கினான், கறுப்புத் திரையைப் பார்த்தான், மூடினான். "போர்டு போச்சு மேடம். இத்த வெச்சிகினு ஏன் பேஜாருபடறீங்க? புதுசா ஒண்ணு பாருங்க." ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. பத்து வருஷம் உழைத்த மெஷினை ஒரே நிமிஷத்தில் பிணமாக்கிவிட்டான். "தொறந்து பாக்காமயே எப்படிப்பா சொல்ற?" என்றேன். "எக்ஸ்பீரியன்ஸ் மேடம்" என்று இளித்தான் பார், எதிர் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டுத்தான் வந்தேன். நீ இருந்திருந்தால் "கம்முனு வாடி" என்று கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாய். யாரையும் ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லத் தெரியாதே உனக்கு.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தபோதுதான் புத்தி வேலை செய்தது. புடவையில் பூ கோணலாக விழுந்தால் நம்ம ஊரில் யாராவது தறியைக் கொளுத்துவார்களா? அட்டையைக் கழற்றி அடுத்த தறியில் மாட்டிப் பார்ப்போம். அங்கே பூ ஒழுங்காக விழுந்தால் அட்டை நல்லது, தறியில்தான் கோளாறு. அப்படியென்றால் இந்த மெஷினை டி.வி.யில் மாட்டினால் என்ன? பவித்ராவுக்கு போன் போட்டேன். "ஆபீஸ்ல அந்த ஒயர் இருக்குது சித்தி, பர்மிஷன் கேட்டுட்டு எடுத்துகினு வரேன்" என்றாள்.

அவள் வருகிற வரைக்கும் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. போன் டார்ச்சை அடித்துத் திரையை உற்றுப் பார்த்தேன். பார்த்தால், கறுப்புக்குள்ளே மங்கலாக ஒரு உருவம்! நீ பின்னணியாக வைத்திருந்த பவித்ராவின் பள்ளிக்கூட போட்டோ. ரெட்டைப் பின்னல் மட்டும் தெரிந்தது. ஆக, படம் வருகிறது, வெளிச்சம்தான் வரவில்லை. போர்டும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. அந்தக் கடைக்காரனை மறுபடி ஒரு மூச்சு திட்டினேன்.

அப்புறம்தான் மூடியின் இடது கீலைப் பார்த்தேன். அங்கே பிளாஸ்டிக் வாய் பிளந்திருந்தது, உள்ளே மடித்த காகிதம் ஒன்று சொருகியிருந்தது. எனக்கு ஞாபகம் வந்தது. போன புரட்டாசியில் இந்தக் கீல் லூசாகி, மூடி பின்னால் பின்னால் சாய்ந்துகொண்டே இருந்தது. "கடையில குடுத்து சரிபண்ணுடி" என்றேன். நீதான் தறிவீட்டுப் பெண்ணாயிற்றே. தறி ஆடினால் பழைய அட்டையை மடித்து ஆப்பு வைத்துவிட்டு நெசவை நிறுத்தாமல் ஓட்டுகிற வீட்டில் பிறந்தவள். கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துக் கீலில் சொருகினாய். மூடி அசையாமல் நின்றது. "பாத்தியா, ரிப்பேர் ஓவர்" என்றாய். நானும் சிரித்தேன்.

ஊக்கை விட்டு அந்தக் காகிதத்தை நெம்பி எடுத்தேன். திரைக்குப் போகிற ஒயர், பட்டையாக மெல்லிசாக இருக்கும், அது அந்தக் கீல் வழியாகத்தான் போகிறது. உன் ஆப்பு அதன்மேல் உட்கார்ந்து, திறந்து மூடும்போதெல்லாம் தேய்த்துத் தேய்த்து, உள்ளே இருந்த இழைகளை அறுத்துவிட்டிருந்தது. ஆடாமல் இருக்க வைத்ததே அறுத்திருக்கிறது. மெஷினைத் தறி என்று நினைத்தாயா? அறிவு இருக்கிறதா உனக்கு என்று வாய்விட்டே கேட்டுவிட்டுக் காகிதத்தைப் பிரித்தேன்.

டாக்டர் சீட்டு. உன் பெயர், வயசு, கீழே கிறுக்கலாக நெஞ்சு வலி, மூச்சு வாங்குகிறது என்று இங்கிலீஷில் நாலு வரி. உடனே வேலூருக்குப் போய் எக்கோ எடுக்க வேண்டும். 'உடனே' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார் அந்த மனுஷன்.

பாவி! நெஞ்சைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த சீட்டை எடுத்து லேப்டாப்புக்கு ஆப்பு வைத்திருக்கிறாயே! எந்த ஊரிலாவது யாராவது செய்வார்களா? அதுக்கு முன்னாலேயே நம்ம பக்கத்துத் திருமலைக்கு, அந்தச் சமணர் மலைக்குப் போனோமே, குகையில் இருக்கிற பழைய சித்திரங்களை டிசைனுக்காக போட்டோ எடுக்க. பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு "நீ போயிட்டு வாடி, நான் செருப்ப பாத்துக்கறேன்" என்றாய். செருப்பை யாரடி திருடப்போகிறார்கள் மலையில்? உதடு வெளுத்திருந்தது, கால் வலி என்றாய். மாடிப்படி ஏறினால் நின்று நின்று வந்தாய், வெயில் என்றாய். பொங்கல் கழிந்த நாலாம் நாள் காலையில் அடுப்படியில் சாய்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலிக்கிறது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தெரு கேட்கக் கத்தியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் உனக்கு?

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே இதையெல்லாம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பவித்ரா வாசல்படியில் ஒயரோடு நிற்பதைக் கவனிக்கவில்லை. வந்து சீட்டை வாங்கினாள். படித்தாள். தேதியை இரண்டாவது தடவையும் பார்த்தாள்.

"புரட்டாசியிலயே சொல்லியிருக்காங்க" என்றாள். "உனக்குத் தெரியுமா சித்தி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்து அம்மா ஸ்தானத்தில் நின்று கொடுக்க வேண்டியவள் நான்தான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் புடவைக்குப் பக்கத்தில் பொய்யோடு நிற்க என்னால் முடியவில்லை.

"தெரியும்" என்றேன்.

சொன்னேன். அன்றைக்கு நீ இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தாய். நான் டிசைன் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன், பார்டரில் ஒரு இழை பிசகியிருந்தது. "வேலூருக்கு ஒரு எட்டு கூட வர்றியாடி? தனியா போவ ஒரு மாதிரியா கீது" என்று கேட்டாய். நான் தலையைத் தூக்கவில்லை. "தீபாவளி டிசைன்லாம் போவட்டும்டி, அப்பால போலாம்" என்றேன். நீ "சரி" என்றாய். சரி என்று சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தை நாலாக மடித்தாய். ஆமாம், என் கண் முன்னால்தான் மடித்தாய், ஆடுகிற மூடிக்குக் கொடுத்தாய். நான் சிரித்தது அதற்குத்தான். தீபாவளி போனது, தை முகூர்த்தத்துக்கு டிசைன் வந்தது, மழை வந்தது, பொங்கல் வந்தது. நீ இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. ஏண்டி கேட்கவில்லை? நான் மறந்துவிட்டேன், உன் உயிர்தானே, நீ கேட்க வேண்டாமா?

பவித்ரா அழவில்லை, சண்டையும் போடவில்லை. நான் எதிர்பார்த்தது சண்டையைத்தான். என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாலன்னா எப்போ சித்தி?"

அவள் ஒயரை எடுத்துக்கொண்டு போய் டி.வி.யில் ஒரு முனையையும் மெஷினில் மறு முனையையும் மாட்டினாள். டி.வி. முழுக்க உன் டிசைன் வந்தது. முந்தியில் குளம், குளத்துக்குள் மீன், நடுவில் பூ பறிக்கிறவர்கள். திருமலையில் நான் எடுத்து வந்த போட்டோவிலிருந்து எடுத்திருக்கிறாய். ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. எப்போது போட்டாய் என்று பார்த்தேன். அந்தச் சீட்டுக்கு அப்புறம் வந்த ஒரு வாரத்தில் முழுக்கப் போட்டு முடித்திருக்கிறாய். பொண்ணுக்கு அப்போது வரனே வரவில்லை. இவ்வளவு அவசரம் உனக்கு எதற்கு என்று இப்போது தெரிகிறது. தெரிந்தே உட்கார்ந்து வரைந்திருக்கிறாய். கட்டம் கட்டமாக இதைப் போட நேரம் இருந்தது, பஸ் ஏறி வேலூருக்குப் போக நேரம் இல்லை. உன்னை என்ன செய்தால் தகும்?

பவித்ரா அதைப் பென்டிரைவில் ஏற்றினாள். "வா, ஜல்தி. அட்டைக்காரரு கடைய மூடிடுவாரு" என்றாள். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள், என் தோளைப் பிடிக்காமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

நேற்று பாவு ஏறிவிட்டது. கோவிந்தண்ணன் சாண் நீளத்துக்கு நெய்து போட்டோ அனுப்பியிருக்கிறார், பார்டர் சுத்தமாக விழுந்திருக்கிறது. புடவை ஆவணிக்கு வந்துவிடும், கவலைப்படாதே. பவித்ரா காலையில் போன் செய்தாள். சித்தி என்றுதான் கூப்பிட்டாள். பத்திரிகை வைக்க ஞாயிற்றுக்கிழமை கூட வரச் சொன்னாள், தட்டை நான்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். கேட்ட கேள்வியை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. அவளும் உன்னை மாதிரி ஒரு தடவைதான் கேட்பாள்.